மலாவி ஏரிக்கு நான்கு குடம் நல்ல தண்ணீர்

எனக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் மொத்தம் பதினைந்து பேர். மாமியார், அவருடைய ஒரே மகன், நான். மீதிப் பன்னிரண்டு பேரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்பதைத் தவிர மற்ற எல்லா மரியாதையும் அவர்களுக்கு உண்டு. ரேஷன் கார்டில் பெயர் இருந்த எனக்கு அது ஒன்றுதான் உண்டு.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டு ஜாதி. ஒன்று, பின்கட்டில் இருந்த அடிபம்பு. அதில் வருவதைத் தண்ணீர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, இரண்டு நாள் தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் ஆகிவிடும். பிடித்து வைத்த பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகக் காரை படியும். இன்னொன்று நல்ல தண்ணீர். அது ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரத்துக் கிணற்றில் இருந்தது. போக அரை மைல், வர அரை மைல். வரும்போது அரை மைல் என்பது ஒன்றரை மைலாகத் தெரியும். நல்ல தண்ணீர் குடிக்க, சோறு வடிக்க, வந்த விருந்தாளிக்கு ஒரு சொம்பு கொடுக்க. அதில் யாராவது கை கழுவினால் மாமியார் அந்தக் கையையே ஒரு பார்வை பார்ப்பார்.

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு லோகோ ஷெட்டில் வேலை. எங்கள் ஊரில் ரயில் இன்ஜின்கூட நல்ல தண்ணீர்தான் குடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பாய்லரில் காரை பிடித்துவிடும் என்று அப்பா சொல்வார். எங்கள் குழாயிலும் அதே தண்ணீர்தான். திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அப்படி வளர்ந்தவளைத் திண்டிவனத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கரண்ட் ஆபீசில் உத்தியோகம் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்த அப்பா, அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

மீன் பைத்தியம் என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸில் பிடித்தது. ஏதோ ஆபீஸ் காரியமாகப் போனவர் மேலதிகாரியின் வீட்டில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டார். வந்த அன்றைக்கே, ஊரில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் போய் மூன்றடி நீளத்துக்கு ஒரு தொட்டி சொல்லிவிட்டார். அந்த மனுஷர் வாழ்நாளில் கண்ணாடிக்குப் பின்னால் முருகனையும் லட்சுமியையும் வைத்தவரே தவிர தண்ணீரை வைத்ததில்லை. முதல் தடவை நிரப்பியபோது நாலு மூலையிலும் ஒழுகியது. மூன்றாவது தடவை ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. "பாத்தியா, முன்னேற்றம்" என்றார் என் வீட்டுக்காரர்.

தை மாதத்தில் ஒரு நாள் மீன் வாங்க என்னையும் மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை வெளியூர் அழைத்துப் போனது அதுதான் முதல் தடவை. புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கடை குறுகல், உள்ளே ஒரு ஆளுக்குத்தான் இடம். செருப்பைப் பார்த்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். உள்ளே கடைக்காரர் என்னென்னவோ சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பிளாஸ்டிக் பைகளில் பன்னிரண்டு மீன். அவர் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"நம்ம மூஞ்சியப் பாத்ததுமே பட்டிக்காடுன்னு முடிவு பண்ணிட்டாண்டி" என்றார். "பேசற பேச்சே சரியில்ல. நாம வளக்குற வளப்புல அவனே திண்டிவனம் வந்து பாத்துட்டுப் போவணும்."

என்ன பேசினான் என்று கேட்டேன். "அத வுடு" என்றார். விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் ஒரு பையை அவர் மடியிலும் ஒரு பையை என் மடியிலும் வைத்துக்கொண்டோம். கண்டக்டர் என் மடியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது இன்னாமா, ஆளுக்கு அரை டிக்கெட்டா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இது சாதா மீனு இல்ல. சிக்லிட்டு. ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு ஏரி, அதுலேர்ந்து வருது" என்று கண்டக்டருக்குப் பாடம் நடத்தினார். எனக்குத் தெரிந்த ஏரியில் எருமை குளிக்கும், ஜிலேபிக் கெண்டை பிடிப்பார்கள். என் மடியில் இருந்தவையும் உருவத்தில் கெண்டைக் குஞ்சு போலத்தான் இருந்தன. ஆனால் உடம்பெல்லாம் நீலம், அதன் மேல் கறுப்புக் கோடு. சில மட்டும் மங்கலான பழுப்பு. அழகாகத்தான் இருந்தன. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவை வந்த வாரம் தெரு முழுக்க எங்கள் கூடத்தில்தான் இருந்தது. மல்லாட்டைக் கடலை கொறித்துக்கொண்டே வந்தவர்கள் தொட்டிக்குள்ளும் இரண்டு போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்தியோடு, "இத்த கொழம்பு வெச்சா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். அத்தோடு அவருக்கு எங்கள் வீட்டில் காபி நின்றது. "பேஜாரு புடிச்ச மீனு, இத்தக் கட்டிக்கினு அழுவறான்" என்று முதலில் முணுமுணுத்த மாமியார், நாலு பேர் வந்து வாயைப் பிளந்ததும் கட்சி மாறிவிட்டார். கோயிலில் யாரைப் பார்த்தாலும், "எங்க வூட்ல ஆப்பிரிக்கா மீனு இருக்குது, வந்து பாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அன்றைக்கு மட்டும் சாப்பிட்டு முடிக்கும் வரை தொட்டியின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிடுவார் என் வீட்டுக்காரர். பார்த்தால் அவை மனசு நொந்துபோகுமாம்.

பன்னிரண்டு பேருக்கும் தினம் ஒரு முட்டையின் மஞ்சள் கரு. அவித்து, விரலால் நசுக்கி, தொட்டியில் கரைப்பார். வெள்ளைக் கரு எனக்கு. மஞ்சள் கரு கரைந்த தண்ணீர் மறுநாளே கலங்கி நாறும். உடனே மாற்ற வேண்டும். கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். தெரு முழுக்கக் கரண்ட் ஆபீஸைத் திட்டும். கரண்ட் ஆபீஸ்காரரின் மனைவியான நான் ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி, மீன்களுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அது போகட்டும். பெரிய விஷயம் தண்ணீர்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் நாலு குடம் புதுத் தண்ணீர். பம்புத் தண்ணீரை ஊற்றலாமே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"ஏண்டி, வூட்டுக்கு வந்த விருந்தாளிக்கு உப்புத் தண்ணியா குடுப்ப? இது ஏரோப்ளேன்ல வந்தது."

மாமியாரும் மகன் சொன்னதே நியாயம் என்றார். சொல்லப் போனால் அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் ஒரு உயிருக்கு நல்லது செய்யும் என்று திண்டிவனத்தில் பிறந்த யாருக்கும் தோன்றாது. ஆகவே நல்ல தண்ணீர். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், இரண்டு நடை. ஆம்பிளை குடம் தூக்கினால் தெரு சிரிக்கும். அவருக்கு இடுப்பு வலி வேறு. ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து வருகிற வலி, பாவம்.

பங்குனியில் முதல் மீன் செத்தது. அதற்கு முன்னாலேயே நீலம் வெளிறிக்கொண்டு வந்தது. துணியை ஊறவைத்து ஊறவைத்து அலசினால் சாயம் போகுமே, அப்படி. செதிள் ஓரத்தில் பஞ்சு மாதிரி ஏதோ பிடித்தது. அவர் கண்டுபிடித்த வைத்தியம், இன்னும் அதிக நல்ல தண்ணீர். நாலு குடம் ஆறு குடம் ஆயிற்று. "கொடத்த சோப்பு போட்டுக் கழுவினியா? சரியா அலசினியா?" என்று தினமும் என்னை விசாரித்தார். மாமியார் தொட்டியின் ஒரு மூலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். குழம்பு வைக்கலாமா என்று கேட்ட எதிர்வீட்டுக்காரரின் கண்தான் என்று முடிவாயிற்று.

அந்த வைகாசியில் எனக்கு மூன்றாம் மாதம். முதல் பிள்ளை. ஒரு காலை, இரண்டாம் நடை வரும்போது, ரைஸ் மில் வாசலில் அடிவயிற்றில் பிடுங்கியது. குடங்களை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மில்லில் வேலை செய்த பெண்கள் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "வெயிட் தூக்கினியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமியார், "வூட்டு வேல தாங்க, வேற இன்னா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் என் வீட்டுக்காரர் ஆபீசில் ஆடிட் என்று போய்விட்டார். ரைஸ் மில் வாசலில் இருந்த இரண்டு குடங்களையும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், தண்ணீரோடு. அது வீணாகவில்லை. தொட்டியில் ஊற்றினார்கள்.

ஆடி மாதம், இருந்ததிலேயே பெரிய நீல மீன் செத்துப்போனது. அன்றைக்கு அவர் அரை நாள் லீவு போட்டார். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, அதன் மேல் கொஞ்சம் மஞ்சளும் தூவிவிட்டு, தோளில் இருந்த பச்சைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அந்த மனுஷரை நான் வெறுத்தேன். இப்போது பூசி மெழுகி என்ன பிரயோஜனம், வெறுத்தேன் என்பதுதான் உண்மை.

அடுத்த தையில் மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. இந்தத் தடவை டாக்டரம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரு சொம்புக்கு மேல தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். மாமியார் பயந்துபோனார். "வூட்டுக்குக் குடிக்கிற தண்ணி நான் பாத்துக்கறேன். மீனு சமாச்சாரம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க" என்றார். அவ்வளவு நல்ல மனசு அவருக்கு.

நாங்கள் பேசிக்கொண்டோம். அதாவது அவர் பேசினார். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மிகுந்த கருணையோடு சொன்னார்:

"சரி, இனிமே ரெண்டு கொடமா தூக்காத. ஒத்த ஒத்தக் கொடமா எடுத்துக்கினு வா."

மூன்று நடை ஆறு நடை ஆயிற்று. கருணை என்றால் அதுதான் கருணை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு விழுப்புரம் போயிருக்க வேண்டியதுதான்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனார். மாமியார் தன் ஒற்றைக் குடத்தோடு கிணற்றுக்குப் போனார். போய்விட்டு ஊர் வம்பெல்லாம் பேசி முடித்து வர அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நான் பின்கட்டுக்குப் போய் அடிபம்பை மெதுவாக நாலு அடி அடித்தேன். சொம்பில் பிடித்தேன். பத்து எட்டு நடந்து தொட்டியில் ஊற்றினேன். உட்கார்ந்தேன். மறுபடி பிடித்தேன், ஊற்றினேன். செத்தால் சாகட்டும் என்று சொல்லிக்கொண்டேதான் ஊற்றினேன். மிச்சம் இருந்த ஏழு மீனும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தன. அவை என் குடியைக் கெடுக்கவா அங்கிருந்து கிளம்பி வந்தன என்றும் தோன்றாமல் இல்லை. இருந்தாலும் என் பிள்ளையா அவையா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு வாரம் பயந்துகொண்டே எழுந்தேன். ஒன்றும் சாகவில்லை. இரண்டாவது வாரம் பஞ்சு மாதிரி இருந்தது உதிர்ந்துபோயிற்று. மாசி பிறந்தபோது நீலம் திரும்பி வந்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட நீலம்! வாங்கி வந்த அன்றைக்குக்கூட அப்படி இல்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தவை ஒன்றையொன்று துரத்திச் சண்டை போட்டன. கூழாங்கற்களை வாயால் கவ்விக் கவ்வி இடம் மாற்றி வீடு கட்டின. நான் அசந்துபோனேன். கொல்ல நினைத்து ஊற்றியது குலம் தழைக்க வைத்துவிட்டது. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். மலாவி ஏரியின் தண்ணீர் கல்லும் பாறையும் கரைந்த தண்ணீராம், சப்பென்ற தண்ணீர் அந்த மீன்களுக்கு ஆகாதாம். எங்கள் பின்கட்டு அடிபம்பு அந்த ஏரிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது வேறு. "பாத்தியா, ஒத்தக் கொடமா அலுங்காம கொண்டாந்தா தண்ணி கலங்கறதில்ல. அதான் தேறிக்கிச்சி" என்றார். அதை ஆபீசிலும் சொன்னார். கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெள்ளையாகக் காரை படிந்தது. "இது இன்னாடி வெள்ளையா?" என்றார். "மீனு மூச்சு வுடுதுல்லீங்க, அதா இருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, ஆப்பிரிக்காவுல அப்பிடித்தான்" என்றார். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

சித்திரையில் ஒரு பழுப்பு மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. தாடை உப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. மஞ்சள் கருவை மூக்குக்கு நேரே போட்டாலும் திரும்பிக்கொண்டது. எனக்கு அப்போது அதே கதைதான். சோற்று வாடை பட்டாலே குமட்டும். நான் இரண்டு வேளை சாப்பிடாததை யாரும் பார்க்கவில்லை. மீன் சாப்பிடாதது அன்று மாலையே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

"தொண்டையில கல்லு மாட்டிக்கிச்சி" என்றார் மாமியார். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார் என் வீட்டுக்காரர். ஐந்தாம் நாள் ஆபீசிலிருந்து நுனி கூரான ஒரு கட்டிங் பிளேயரோடு வந்தார். அதை வெந்நீரில் கழுவினார். பச்சைத் துண்டை மடியில் விரித்துக்கொண்டு, "ஒரு கையில மீனப் புடி, நான் வாயத் தொறந்து கல்ல எடுத்துடறேன். ஜல்தியா புடி" என்றார்.

நான் தொட்டிக்குள் பார்த்தேன். அது மூச்சு வாங்க வாயை ஒரு நூல் அளவு திறந்து மூடியது. உள்ளே கடுகு கடுகாகக் கறுப்பு. ஒவ்வொரு கடுகும் அசைந்தது. ஒவ்வொன்றும் ஒரு கண்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் அவரைத் தடுத்தது அதுதான் முதல் தடவை. "தொடாதீங்க. அது புள்ளத்தாச்சி. வாயில குட்டிங்கள வெச்சிக்கினு இருக்குது."

"போடி பைத்தியக்காரி. வாயில யாராவது புள்ள சொமப்பாங்களா?"

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கட்டிங் பிளேயரைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரங்களில் எங்கள் வீடு திருவிழாவாகிவிட்டது. குஞ்சுகள் வாயிலிருந்து புகை மாதிரி வெளியே வரும். யாராவது நிழல் காட்டினால் அத்தனையும் திரும்பி வாய்க்குள் ஓடிவிடும். பார்க்க வந்தவர்களை உட்காரவைத்து என் வீட்டுக்காரர் பிரசங்கம் செய்தார். "இருவது நாளுங்க! சோறு இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைங்களுக்காக வாயத் தொறக்காம இருக்குது. தாய்மைன்னா இதாங்க தாய்மை!" வாயைத் திறக்காமல் இருப்பது என்ற பகுதி மாமியாருக்கு மிகவும் பிடித்திருந்தது. என் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் அந்தத் தாய்மை ரசிகர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன்.

ஆடிக்கு முன்னால் வளைகாப்பு வைத்து என்னை விழுப்புரம் அழைத்துப்போக அப்பா வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்விட்டால் தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அதைக் கேட்பதற்கு முன்பே அவர் அறிவித்துவிட்டார்: "நானே கெணத்துலேர்ந்து கொண்டாரேன். குஞ்சுங்க இருக்குது, யாரையும் நம்ப முடியாது." வயிற்றுப் பிள்ளைக்காகக் குடம் தூக்காத மனுஷர் மீன் குஞ்சுக்குத் தூக்கக் கிளம்பிவிட்டார். அதுவும் நல்ல தண்ணீர். ஆசை ஆசையாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கொல்லப்போகிறார்.

வாயை மூடிக்கொண்டு போனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் இருந்தவரை நன்றாக இருந்தன, நான் போனதும் செத்தன. இதைவிட நல்ல பெயர் ஒரு மருமகளுக்குக் கிடைக்குமா? சொன்னாலோ, ஐந்தாறு மாதமாக விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிய கைகாரி. மீனையே கொல்லப் பார்த்தவள் நாளைக்கு எங்களுக்கு என்ன ஊற்றுவாளோ என்று மாமியார் ஊர் முழுக்கச் சொல்வார். திரும்பி அழைத்துக்கொள்வார்களா என்பதுகூட நிச்சயமில்லை. வளையல் அடுக்கிய கையோடு தொட்டி முன் நின்றேன். அந்தப் பழுப்பு மீன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே சொல்லிவிட்டேன். "என்னங்க, அதுங்களுக்கு நல்ல தண்ணி ஆவாது. தையிலேர்ந்து பம்புத் தண்ணிதான் ஊத்திக்கினு வரேன். அதுலதான் தேறிச்சி. நீங்களும் அதையே ஊத்துங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "போற நேரத்துல இன்னா குசும்பு உனக்கு" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸின் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். பஸ் கிளம்பிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும் வரை அப்பா என் வளையல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விழுப்புரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டரும் வந்தது. "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. மீதி மூன்று பக்கமும் மீன். சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்ததில் முதல் நாளே சைக்கிள் சாய்ந்து குடம் நசுங்கிவிட்டதாம். அதனால் தோளில் தூக்குகிறாராம். தெருவில் சிரிக்கிறார்களாம். இப்போது இருப்பதில் பெரிய நீலம் வெளிறுகிறது. இரண்டு போய்விட்டன. குஞ்சுகளில் பாதி இல்லை. ஆவணியில் கடிதம் நின்றுபோயிற்று. அதே மாதக் கடைசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பத்தாம் நாள் வந்தார். இளைத்திருந்தார். குழந்தையைப் பார்த்தார், ஆனால் தூக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பச்சைத் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு இருக்குது" என்றார். "அந்தத் தாய் மீனு இருக்குது. நீ சொன்ன மாரி பம்புத் தண்ணி ஊத்திட்டேன். தேறிக்கிச்சி."

"நம்பாம சிரிச்சீங்களே."

அவர் நிமிரவில்லை. "கடைக்காரன் அன்னிக்கே சொன்னாண்டி. உங்க ஊரு உப்புத் தண்ணியே இதுக்குப் போதும், வேற ஒண்ணும் தேட வேணான்னு. பட்டிக்காட்டானுக்கு இது போதும்னு எளக்காரமா சொல்றான்னு நெனச்சிக்கினேன். உங்கிட்ட சொல்லல."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்ற அந்தக் கடை ஞாபகத்துக்கு வந்தது. பிறகு ரைஸ் மில் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. பின்கட்டில் பத்து எட்டில் தண்ணீர் இருந்திருக்கிறது. அது அவருக்குத் தெரிந்தும் இருந்திருக்கிறது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் கத்தவில்லை.

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்தது. சட்டைக் காலருக்குக் கீழே தோளில் குடத்தின் தழும்பு.

"ஒரு கொடத்துக்கே எனக்கு உயிரு போவுது" என்றார். "மூணாம் மாசத்துல... வயித்துல அத வெச்சிக்கினு... நீ எப்பிடிடி ரெண்டு கொடம் தூக்கின?"

ஒன்றேகால் வருஷத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒத்த ஒத்தக் கொடமா எடுத்துக்கினு வந்திருக்கலாங்க" என்றேன்.

அவர் அந்தப் பச்சைத் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அவர் மீனுக்காக அழவில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.